ரேடியோ மேடம் வாயை மூடிய பருவம்

பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் நடத்தும் அந்தப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரேடியோ மேடம். பதினேழு வருஷம் கணீர்க் குரலில் மூச்சு விடாமல் பாடம் எடுத்தார். எல்லோரும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார்கள். பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியது தன் தப்புதான் என்று ஒருநாள் அவருக்கு உறைத்தது.

அடுத்து வந்த கல்விப் பருவத்தில் பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து இணையதளத்தில் ஏற்றினார். வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் கணக்குப் போடுவதும் வாதாடுவதும்தான் வேலை. மூன்றாவது வாரமே துறைத்தலைவரிடம் புகார் போய்விட்டது, மேடம் பாடமே நடத்துவதில்லை என்று.

"நீங்க பேசாம நின்னா அது எப்படிம்மா கிளாஸ்?" என்றார் தலைவர். "நாலு பிரிவுக்கும் ஒரே பரீட்சை வருது. உங்க பிரிவு பின்தங்கிச்சுன்னா, முதலாமாண்டு இனிமே உங்களுக்குக் கிடையாது."

முதலாமாண்டு வகுப்பென்றால் அவருக்கு உயிர். "சரி சார்" என்று வந்தவர் அன்றிரவே அடுத்த வகுப்புக்குக் கேள்வி தயாரித்தார்.

மறுநாள் திரையில் ஒரு கேள்வி. முனை கீழே இருக்கும் கூம்பு. குழாயில் ஒரே சீராகத் தண்ணீர் விழுகிறது. நீர்மட்டம் எப்படி ஏறும்? எழுபது பேரும் போனில் விடையை அமுக்கினார்கள். ஐம்பத்தெட்டு பேர், 'ஒரே வேகத்தில்'. சுத்தத் தப்பு! விளக்கம் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பக்கத்துல இருக்கறவங்களை உங்க விடைக்கு ஒத்துக்க வைங்க" என்றதோடு சரி.

"ஏய், மேல போகப் போக அகலமாகுதுல்ல?"

"அதுக்கென்ன?"

"வர்றது அதே தண்ணிதானே? அகலம் கூடினா மெதுவாத்தான் ஏறும்!"

வகுப்பு சந்தைக்கடை ஆனது. மறுபடி அமுக்கச் சொன்னார். அறுபத்தாறு பேர் சரி. இதைவிட நல்ல பாடம் அவர் நடத்தியதே இல்லை, இத்தனைக்கும் அவர் நடத்தவே இல்லை.

பரீட்சையில் வந்ததோ யாருமே போட்டுப் பார்க்காத கணக்கு: ஒரே சீராகத் தண்ணீர் விழும் உருண்டைத் தொட்டியில் நீர்மட்டம் எந்த இடத்தில் மிக மெதுவாக ஏறும்? விடைத்தாள்களைத் திருத்திய தலைவர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மத்த பிரிவுல முக்கால்வாசிப் பேர் இதைத் தொடவே இல்லை. உங்க ஆளுங்க பேப்பரைப் பாருங்க, ஒரே அடித்தல் திருத்தல்!"

"எல்லாம் தப்பா சார்?"

"ஆரம்பிச்சது தப்பு. அப்புறம் அவங்களே கண்டுபிடிச்சு, அடிச்சுட்டு, நடுவுலதான்னு சரியா முடிச்சிருக்காங்க. எழுபதுல அறுபத்தொரு பேர்!" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் நடத்துற பிரிவுல ரெண்டே பேர்தாம்மா. அடுத்த பருவம் நாலு பிரிவையும் நீங்களே பாத்துக்கோங்க. நானும் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

வெளியே வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வகுப்பு கைக்கு வந்தது இருக்கட்டும். பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாத பரீட்சைக் கூடத்தில், அறுபத்தொரு பேர் தங்கள் தப்பைத் தாங்களே பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெருமையில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.