பாட்டில் விட்ட இடம்

1. எங்கள் கீழத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் மேலத்தெருக்காரர்கள் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். பாதை தங்கள் நிலத்தில் போகிறது என்றார்கள்.

2. நாங்கள் கேட் முன்னால் உட்கார்ந்து என் அத்தை கட்டிய பாட்டைப் பாடினோம்.

3. அடுத்த வாரம் அதே இடத்தில் மேலத்தெருக்காரர்கள் பந்தல் போட்டு, கேட்டைத் திறக்கக் கூடாது என்று உட்கார்ந்தார்கள். அவர்களும் அத்தையின் பாட்டைத்தான் பாடினார்கள்.

மூன்றாவது எனக்கு வீடியோவாக வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் காளவாசலில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஹெட்போனில் கேட்டேன். சுருதி விலகாமல் நன்றாகவே பாடியிருந்தார்கள். அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

அத்தை பசுமலையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருணியில் நாங்களும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று முன்பு நடந்த போராட்டத்தில் அவர் கட்டிய பாட்டு அது. 'காலு தேஞ்ச மண்ணு இது, யாரு மண்ணு?' என்று கேட்டு நிறுத்துவார். கூட்டம் தன் தெருவின் பெயரைச் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் பாடினாலும் அந்த இடத்தைக் காலியாகத்தான் விடுவார்கள். இப்போது அதில் மேலத்தெரு வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் தெருவில் போராட்டத்தை முன்னின்று நடத்தும் அண்ணன் ஒருவர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், என்னை அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், அந்த எடத்துல நம்ம தெருப் பேரை நீங்களே பாடிருங்க. தங்கச்சி பதிவு பண்ணட்டும். கேட்டுக்கு அவிங்க பூட்டுப் போட்டாய்ங்க. பாட்டுக்காச்சும் நாம ஒண்ணு போடுவோம்ல."

"ஊருணிச் சண்டைக்குப் பக்கத்து ஊர்க்காரவுகளும் வந்தாகப்பா. அவுக ஊர்ப் பேரைச் சொல்லித்தான் பாடுனாக. நம்ம பேரை மட்டும் வச்சிருந்தா வந்திருப்பாகளா?"

"அன்னைக்கு வந்தவுக சரி டீச்சர். இன்னைக்கு வந்தவிங்கள என்ன செய்ய?"

அத்தை உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பி வந்தார்.

பதிவில் அவர் குரல் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தானாக நின்றது. பல காலப் பழக்கம். கடைசியில் பெயரைத் தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன்.

"இதை அதோட ஒட்டிர முடியுமா?"

"முடியும் அத்தை. ஒட்டினதே தெரியாது."

"அப்ப அவிங்களால வெட்டிரவும் முடியும்ல?"

"முடியும்."

"அப்ப எதுக்குடி இம்புட்டுப் பாடு?" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார். ஒட்டவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தது. பாடையை வயல் வரப்பு வழியாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். கேட்டுக்கு நேராக வரும்போது யாராவது பாட்டைத் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை வரப்பைப் பார்த்து நடந்தார்.

இன்றைய நிலை இது. கேட் பூட்டியிருக்கிறது. அத்தையின் பாட்டும் தெருவின் பெயரும் என் கணினியில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. அண்ணன் தினமும் கேட்கிறார். நான் இன்னும் ஒட்டவில்லை. மேலத்தெருப் பந்தலில் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது.