துறவறத்துக்கு ஒரு வாடகைக் கார்

போன ஞாயிறு பொன்னூர் மலைக்கு ஒரு நாள் ட்ரிப் போய் வந்தோம். காலையில் ஆரணியில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்று பிளான். பிளான் போட்டது நான்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பதால், எதையும் எதோடும் இணைத்துவிடுவேன் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை.

போனவர்களில் மூன்று பேருக்கு அது ட்ரிப். ஒருவருக்கு மட்டும் சந்நியாசம்.

அந்த ஒருவர் எதிர்வீட்டு தரணேந்திரன். ஜைனர். பஜாரில் ஜரிகைக் கடை வைத்திருக்கிறார். ஆரணியில் இருந்துகொண்டு பட்டு நூலைக் கையால் தொடாதவர். புழுவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு நூல் எடுப்பது பாவம் என்பார். மகள் கல்யாணத்துக்கே செயற்கைப் பட்டுதான். இந்த ஊரில் அப்படி ஒரு கல்யாணம் நடத்த எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

"உங்க ஜரிகையும் அந்தப் பட்டுச் சேலைக்குத்தானே போகுது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அதாங்க மனச அரிச்சிகினே இருக்குது" என்றார்.

மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த அரிப்பு அதிகமாகிவிட்டது. பொன்னூர் மலையில் ஒரு முனிவர் வந்து தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டவர், அவரோடு போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அவர் திகம்பர முனிவர். உடையே கிடையாது. சேலையை நம்பிப் பிழைக்கிற ஊரிலிருந்து ஒருவர் அப்படிக் கிளம்புகிறார் என்றால் செய்தி பரவாமல் இருக்குமா? பஜாரே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது.

தரணேந்திரன் மனைவி பத்மா அழவில்லை. சண்டை போடவில்லை.

"போறது போறாரு... நாமளும் கூடப் போய் விட்டுட்டு வரலாங்க்கா" என்றாள். "எனக்கு தேசூருதானே. கல்யாணத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் அந்த மலைக்குப் போவோம். பாத்து எத்தினி நாளாச்சு!"

நான் அதை நம்பவில்லை. கடைசி நிமிஷத்தில் காலைப் பிடித்து நிறுத்தப் போகிறாள், அதற்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் பங்குக்கு உதவ வேண்டாமா? மலைக்குப் படிக்கட்டு இருக்கிறது. பின்பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் போகும் ஒற்றையடிப் பாதையும் இருக்கிறது என்று விசாரித்து வைத்தேன். பாறை, முள், செங்குத்து. ஜரிகைக் கடை மெத்தையிலேயே உட்கார்ந்திருந்த மனிதர்... பாதி வழியில் மூச்சு வாங்கினால் மனசு மாறாதா?

வாடகைக் கார் பாஷா பாய் பிளானில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"போறப்போ எத்தினி பேருங்க?"

"நாலு."

"வர்றப்போ?"

நான் பத்மாவைப் பார்த்தேன்.

"இன்னாங்க, இதுகூடத் தெரியாமலா பிளான் போட்டுகினு கீறீங்க?"

"மூணுன்னு வெச்சிக்கங்க பாய்" என்றாள் பத்மா, பால்காரரிடம் சொல்வது போல.

அடுத்தது சாப்பாடு. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கூடாது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடவும் கூடாது. உருளைக்கிழங்கு வறுவல் இல்லாத புளியோதரை ஒரு சாப்பாடா என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த வாரம் எங்கள் தெருவில் துறவறத்தை ஆழமாக யோசித்தவர் அவர்தான்.

சேத்துப்பட்டு தாண்டி மலையடிவாரம் போய்ச் சேர்ந்தோம். ஒற்றையடிப் பாதை. செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு தரணேந்திரன் முன்னால் ஏறினார். ஏறினார் என்பதா... ஓடினார். பின்னாலேயே பத்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. நானும் என் வீட்டுக்காரரும் பாறைக்குப் பாறை உட்கார்ந்தோம். மூச்சும் வாங்கியது, மனசும் மாறியது. எங்களுக்கு!

உச்சியில் ஒரு மண்டபத்தில் முனிவர் அமர்ந்திருந்தார். பக்கத்தில் மயில்பீலி, கமண்டலம். கூட இருந்த பெரியவர் எங்களைத் தூரத்திலேயே நிறுத்தி, "சாமி இன்னிக்கு மௌன விரதம்" என்றார். இது பிளானில் இல்லை.

தரணேந்திரன் விழுந்து வணங்கினார். "எல்லாப் பந்தத்தையும் விட்டுட்டு வந்துட்டேன் சாமி. என்ன ஏத்துக்கணும்."

முனிவர் கேட்டுக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பிப் பத்மாவைப் பார்த்தார். பார்த்தபடியே காத்திருந்தார்.

"வீட்டம்மா சம்மதம் சொல்லணும்மா" என்றார் பெரியவர். "அது இல்லாம சேத்துக்க மாட்டாங்க."

அப்பாடா! இவ்வளவு சுலபமா? நான் பத்மாவின் கையைக் கிள்ளினேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை... முடிந்தது விஷயம்.

பத்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

"சம்மதம் சாமி."

முகம் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கை அப்படியே நின்றது. ஆனால், எங்கள் எல்லோரையும்விட ஆடிப்போனவர் தரணேந்திரன்.

"இன்னா சொன்ன?"

"சம்மதம்னேன்."

"யோசிச்சிதான் சொன்னியா?"

"அதான் நீங்க யோசிச்சிட்டீங்களே."

"நான் இல்லாம நீ இன்னா பண்ணுவ?"

"கடையப் பாத்துக்கறேன். அசல் ஜரிகை எது, போலி எதுன்னு எனக்கும் தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். சோறு திங்கறப்ப வேற இன்னா பேசறீங்க?"

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல... போகாதீங்கன்னு ஒரு வார்த்த வர்ல... இத்தினி வருஷம் கூட இருந்ததுக்கு இதானாடி?"

குரல் எகிறி, பாறையில் மோதித் திரும்பி வந்தது. அந்த எதிரொலியில்தான் அவருக்கே தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. எதிரே முனிவர். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பீலியை உயர்த்தி இருவரையும் ஆசீர்வதித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

தரணேந்திரன் தனியாகப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. வெயில் சரியத் தொடங்கியதும் எழுந்து வந்தார். "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும் இல்ல" என்று பொதுவாகச் சொன்னார். விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தார். படிக்கட்டு வழியாக.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் இலை போட்டோம். கோபத்தோடு ஒருவர் எவ்வளவு புளியோதரை சாப்பிட முடியும் என்பதை அன்று பார்த்தேன். பிறகு காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "ஜல்தி ஓட்டு பாய்" என்றார்.

பத்மா என் பக்கத்தில் ஜன்னலோரம். வெளியே வயலைப் பார்த்தபடியே வந்தாள். அவள் தோள் குலுங்கியது இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பாவி... இந்த அழுகையை மலை மேல் அழுதிருக்கக் கூடாதா?

செவ்வாய்க்கிழமை மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "நெஜமாவே அவர் அங்க நின்னுட்டிருந்தா?"

"நின்னிருப்பாரு. நான் தனியா வந்திருப்பேன்."

"அப்புறம் ஏன்டி சம்மதம்னு சொன்ன? அவரப் புடிச்சி நிறுத்தத்தானே வந்த?"

பத்மா முறத்தில் அரிசியைப் புடைத்து, கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"அதுக்குத்தாங்க்கா வந்தேன். இவருக்கு என்னக் கட்டி வெச்சப்ப யாரும் என்னக் கேக்கல. பொண்ணு கல்யாணத்துக்கு இன்னா சேலைன்னு கேக்கல. மலைக்குப் போறேன்னு சொன்னாரே, அதையும் கேக்கல, சொன்னாரு. மொதல் தடவையா ஒருத்தர் என்னப் பாத்துக் கேட்டாரு... அதுவும் வாயத் தொறக்காம. அப்பிடிக் கேட்டவர்கிட்ட மாட்டேன்னு சொல்ல மனசு வர்ல."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

தரணேந்திரன் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். கோபம் இன்னும் தீரவில்லை. அடுத்த மாதம் மறுபடி மலைக்குப் போவதாக பஜாரில் சொல்லியிருக்கிறார். கூட வரச்சொல்லிக் கூப்பிட்டால், "நான் எதுக்கு? அதான் சம்மதம் சொல்லியாச்சே, நீங்க போங்க" என்கிறாளாம் பத்மா.

அதனால் பிளான் தள்ளிப்போயிருக்கிறது. தனியாகத் துறவறம் போக மனிதருக்குக் கூச்சம் போலிருக்கிறது.