சின்ன மணி ஆண்ட்டிக்கு, பெரிய மணி எனக்கு

என் அம்மா கத்தோலிக்கர். நான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். எதிர்வீட்டு ஆண்ட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் தேக்கா கோயிலுக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு, கையோடு மல்லிகைப்பூவும் வாங்கி வருகிறவர். ஆங் மோ கியோ அடுக்குமாடி ஒன்றில் ஒரே தாழ்வாரத்தில் மூன்று பேரும் குடியிருந்தோம். பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை.

இந்த ஊரில் மத நல்லிணக்கத்தைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு இனத்து உடையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தால் வந்துவிடும் என்று சின்ன வயதில் நானும் நம்பினேன். எங்கள் தாழ்வாரத்தில் அது அப்படி வரவில்லை. ரொம்பக் கறாராக வந்தது.

பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சாமிக்குப் படைத்ததை அம்மா தொடமாட்டார். அது ஆண்ட்டிக்குத் தெரியும். அதனால் பொங்கல் இறக்கிய உடனே, படையல் போடும் முன்பே, எங்களுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுவார். வாசலில் நின்று, "படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் அக்கா, தைரியமா சாப்பிடுங்க" என்பார். அம்மாவும் லேசுப்பட்டவரில்லை. ஆண்ட்டி வீட்டில் மாட்டிறைச்சி கூடாது என்பதால் அவர்களுக்குப் பலகாரம் செய்யவே தனிச் சட்டி வைத்திருந்தார். அதை வேறு எதற்காவது நான் எடுத்தால் வீடு இரண்டாகிவிடும். "கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன" என்று இருவருமே மற்றவரைக் கேட்டதில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு இந்தப் பக்கமாக ஒரு டப்பாவை வைத்தார்கள், அவ்வளவுதான்.

என் கோடு பிற்பாடு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு அவருடைய சபைக்குப் போக ஆரம்பித்தேன். போகப் போக அது என் சபையும் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாங்கி கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் எடுத்தேன். இயேசுவைத் தவிர வேறு யாரையும் நோக்கி ஜெபிப்பதில்லை என்று அன்று மனதாரச் சொன்னேன். ஈரத் தலையோடு அம்மா வீட்டுக்குப் போனபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சின்னப்புள்ளையில தலையில ஊத்துன ஞானஸ்நானத் தண்ணி காய்ஞ்சுபோச்சா?"

அதன்பிறகு பல நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான் பார்க்கப் போகும் நாளில் சாப்பாட்டை மட்டும் மேசையில் மூடி வைத்திருப்பார்.

அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்க வேண்டாமென்று நாங்கள் அவரோடு வந்து தங்கினோம். சாயங்காலம் ஆனால் அம்மா வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செபமாலை சொல்வார். செபமாலை என்பது தனியாளுக்கு ஆனதில்லை. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். சின்ன மணி ஒவ்வொன்றுக்கும் மாதாவை நோக்கி ஒரு மன்றாட்டு. பத்துச் சின்ன மணி முடிந்தால் ஒரு பெரிய மணி. அதற்கு இயேசு கற்பித்த ஜெபம், பிதாவை நோக்கி. அப்பா இருந்தவரை அவர் முன்பாதி, அம்மா பின்பாதி. அவர் போனபிறகு இரண்டு பாதியையும் அம்மாவே உரக்கச் சொன்னார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் போனதில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வீட்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போய்விட்டது. முற்றாகப் போகவில்லை, ஒரு வார்த்தையைத் தொடங்க வராது, தொடங்கிக் கொடுத்தால் தொடர்ந்து வரும். "குட் மார்..." என்றால் "...னிங்" என்பார். பழகிய வார்த்தைகள் நாக்கில் அப்படியே இருக்கும், தள்ளிவிட ஆள்தான் வேண்டும் என்று மருத்துவமனையில் விளக்கினார்கள்.

பகலில் முதியோர் பராமரிப்பு நிலையத்து வேன் அழைத்துப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும். சாங்கி விமான நிலையத்தில் கார்கோ அலுவலக வேலை முடிந்து நானும் அந்த நேரத்துக்கு ஓடிவந்துவிடுவேன். அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இடது கையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்தோடு மல்லுக்கட்டுவார். "பி... பி..." அதற்குமேல் நகராது. கண் என் பக்கம் திரும்பும்.

அவருக்கு வேண்டியது முன்பாதி மட்டும். அதை என்னால் சொல்ல முடியவில்லை.

"முன்பாதி பைபிள் வசனந்தானே, தேவதூதன் சொன்னது. சொல்லிட்டுப்போயேன்" என்றார் கணவர்.

"வசனத்த வாசிக்கிறேன். மரியாளைக் கூப்பிட்டுப் பேச என்னால முடியாது" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பதிலுக்கு ஒரு சங்கீதம் வாசித்தேன். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

அம்மாவின் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நற்கருணை கொண்டுவந்தார்கள். அன்பானவர்கள். அவர்கள் செபமாலையைத் தொடங்கியபோது அம்மாவின் உதடு அசையவே இல்லை. அவர்கள் சொன்னது இப்போதைய புத்தகத்தில் இருக்கும் புதிய வாசகம். அம்மா சிறு வயதில் மனப்பாடம் செய்தது பழைய வாசகம். அந்த நாக்குக்கு அந்தத் தடம்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் ஆண்ட்டி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். இன்னமும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத்தான் கேள்வி கேட்பார்.

"என்னம்மா, உங்க வீட்டுல இப்ப சத்தமே இல்ல? பொழுது போன மாதிரியே இல்ல எனக்கு."

விஷயத்தைச் சொன்னேன். என்னால் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், கம்பிக்கு வெளியே நின்றபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே..."

முன்பாதி முழுவதும், ஒரு சொல் பிசகாமல், அம்மா இழுக்கும் அதே இழுப்போடு.

உள்ளேயிருந்து பின்பாதி வந்தது. குழறலாகத்தான். ஆனாலும் ஆமென் வரைக்கும் வந்தது. நான் கம்பிக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஆண்ட்டி, இது உங்களுக்கு எப்படி?"

"முப்பது வருஷமா காதுல விழுது. நான் என்ன செவிடா லா?"

நெற்றியில் திருநீறோடு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்துக்குத் திரும்பினேன். பத்துச் சின்ன மணி ஓடியது. பெரிய மணியில் நின்றுவிட்டார்.

"இங்க ஒண்ணு வேற மாதிரி வருமே. அது எனக்கு வராதும்மா. பத்துக்கு ஒரு தடவதான் வரும், மனசுல நிக்கல."

அது எனக்குத் தெரிந்தது. அது என் ஜெபமும்தான். கையில் கத்தியோடு சமையலறை வாசலில் நின்று, "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினேன். பின்பாதியை அம்மா சொன்னார். கடலுக்குள் இறங்கிய நாளிலிருந்து நானும் அம்மாவும் சேர்ந்து ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

அன்று முதல் அதுவே ஏற்பாடு. சின்ன மணி ஆண்ட்டிக்கு, பெரிய மணி எனக்கு. வெள்ளிக்கிழமை தேக்காவில் பூ வாங்கினால், கோயிலுக்குள் போகும் முன்பே ஒரு முழம் தனியாக நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார், அம்மாவின் மாதா சுரூபத்துக்கு. "உள்ள கொண்டுபோகல அக்கா" என்று காட்டுவார். மாலையைச் சாத்தும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சபையில் நான் இருக்கும் ஜெபக்குழுவின், அதாவது செல் குரூப்பின், தலைவி ஒருநாள் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு சொல்லாமல் வந்தார். அந்நேரம் பார்த்துக் கூடத்தில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. திருநீறு பூசிய ஆண்ட்டி மாதாவைக் கூப்பிட, அம்மா பதில் சொல்ல, நான் என் முறைக்காக நின்றுகொண்டிருந்தேன். தலைவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"சிஸ்டர், என்ன இது வீட்டுக்குள்ள? இப்படியா கலந்து வைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"எங்க கலந்தோம்? பிரிச்சுத்தான் வெச்சிருக்கோம். அவங்க சொல்றத நான் சொல்றதில்ல, நான் சொல்றது அவங்களுக்குத் தெரியாது. இதுக்கு மேல எப்படிப் பிரிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அவர் சம்மதிக்கவில்லை. கடைசிவரை சம்மதிக்கவே இல்லை. ஆனால் அம்மாவுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை இருக்கும் நாளெல்லாம் தன் காரில் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். நாற்காலியை மடக்கிக் காரில் ஏற்றிக்கொண்டே என்னிடம் விவாதம் செய்வார். நானும் விடமாட்டேன். முன்சீட்டில் அம்மா சிரித்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷிக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை வாதம் நடக்கும்போது சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு ஆண்ட்டி பால்குடம் எடுத்தார். முதல் நாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன் அக்கா. கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு வரமாட்டேன்" என்றார். அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஆண்ட்டி சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலில் நடந்துவிட்டு மகள் வீட்டில் படுத்திருப்பார். அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் தவிர வீட்டில் யாரும் இல்லை.

வேலை முடிந்து வரும் வழியெல்லாம் எம்ஆர்டி ரயிலில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரே ஒரு நாள். எனக்குச் சோறூட்டிய கை அது. சொல்லிவிடுவோம், ஆண்டவர் என் மனதை அறிவார் என்று தீர்மானித்து, ஆண்ட்டியின் நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். கத்தியில்லை, வெங்காயமில்லை. வாயைத் திறந்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்தார், வேண்டாம் என்று. இடது கட்டைவிரலால் சின்ன மணிகளைத் தள்ள ஆரம்பித்தார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எதற்கும் வாய் திறக்கவில்லை. பத்தையும் தாண்டிப் பெரிய மணிக்கு வந்து நிறுத்தி, அதை என் பக்கம் நீட்டினார்.

அந்தச் சின்ன மணிகளுக்காகத்தானே அவர் பகலெல்லாம் காத்திருந்தார். என் மனசாட்சிக்காக அத்தனையையும் விட்டுக்கொடுத்துவிட்டார். தலையில் ஊற்றியது காய்ந்துபோச்சா என்று கேட்ட அதே அம்மாதான்.

பெரிய மணியைப் பிடித்துக்கொண்டு நான் தொடங்கினேன். எங்கள் அனுதின அப்பத்தை அவர் கேட்டார். மறுபடி மணிகளைத் தள்ளினார், மறுபடி பெரிய மணியை நீட்டினார். அப்படியே மாலை முழுவதும் சுற்றி வந்தோம். நான் தடுமாறிய இடத்திலெல்லாம் அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்த ஆண்ட்டி முதல் கேள்வியாக, "நான் இல்லாதப்ப யாரு ஆரம்பிச்சா?" என்றார். அம்மா தாண்டிவிட்டார் என்றேன். "அதெப்படி விடுறது!" என்று உட்கார்ந்து, விட்டுப்போன மணிகளையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வேண்டுதல் பாக்கி நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அம்மா போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. கத்தோலிக்க முறைப்படிதான் அடக்கம் செய்தோம்; அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தோம். செல் குரூப் தலைவி வந்தவர்களுக்கெல்லாம் பாக்கெட் பானம் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பங்குக்காரர்கள் செபமாலையைத் தொடங்கினார்கள், புதிய வாசகத்தில். என் பக்கத்து நாற்காலியில் ஆண்ட்டி, சத்தம் வராமல், பழைய வாசகத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாவது சின்ன மணி முடிந்ததும் ஆண்ட்டி என் முழங்கையில் இடித்தார்.

"பெரிய மணி வந்துருச்சும்மா. உன்னோடது."

செபமாலை நடத்திக்கொண்டிருந்த பெண் அதைக் கேட்டுவிட்டார்போல. என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் எழுந்து நின்று முன்பாதியைச் சொன்னேன். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், பின்பாதிக்காகப் பெட்டியின் பக்கம் திரும்பினேன்.