ரெக்கார்டு நோட்டில் குதித்த தவளை

அனிமேஷன் பற்றிப் பேச வந்திருந்த முதஸ்ஸிர் மேடையேறி மைக்கைத் தட்டியபோதே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜவஹர் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அனிமேஷன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் மகள் அனுப்ரியா, "உங்க கிளாஸ்மேட்தானேப்பா?" என்று நச்சரித்து, சாந்தோம் பக்கம் அவர்கள் படித்த பள்ளிக்கே அவரை இழுத்து வந்திருந்தாள். வர மாட்டேன் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. அதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

மந்தைவெளியில் குடையும் பையும் ரிப்பேர் செய்த கலீமுல்லாவின் பையன் முதஸ்ஸிர். பிளஸ் டூவில் பாதி வகுப்பின் உயிரியல் ரெக்கார்டுக்கு அவன்தான் படம் போட்டான். எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். ஒரு சமோசாவுக்கு இதயமும் சிறுநீரகமும் வரைந்து தருவான். தி.நகர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை ஜவஹரோ கெஞ்சிக் கூத்தாடி முழு நோட்டையும் அவன் தலையில் கட்டினான். முதஸ்ஸிருக்குக் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு தவளையைச் சற்றே நகர்த்தி நகர்த்தி வரைந்து வைத்தான்.

செய்முறைத் தேர்வன்று தேர்வாளர் நோட்டைச் சர்ரென்று புரட்டினார். தவளை குதித்தது.

"யாருடா வரைஞ்சது?"

"முதஸ்ஸிர் சார். என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போய்க் கிறுக்கிட்டான்" என்றான் ஜவஹர். பச்சைப் பொய். தேர்வாளர் அதை நம்பிவிட்டார். முதஸ்ஸிருக்குச் செய்முறையில் ஃபெயில், ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம்தான் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர்ந்து, ஓர் அசைவுக்கு இடையில் வரும் படங்களை நாளெல்லாம் வரைந்து முதுகொடிந்தான். இன்று முதஸ்ஸிருக்குக் கீழே நாற்பது பேர். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஜவஹர் தன்னைத் தேற்றிக்கொள்வார். வெட்கங்கெட்ட சமாதானம்.

கேள்வி நேரத்தில் அனுப்ரியாதான் முதலில் எழுந்தாள். "சார், நீங்க முதல்ல செஞ்ச அனிமேஷன் எது?"

"ஃப்ரெண்டோட பயாலஜி ரெக்கார்டுல ஒரு தவளைம்மா. எக்ஸாம்ல மாட்டிக்கினோம்."

"அப்புறம் அவர் என்ன பண்ணார்?"

முதஸ்ஸிரின் கண் அவளைத் தாண்டி ஜவஹர் மேல் விழுந்தது. அப்பாவின் ஜாடை மகளிடம் அப்படியே இருந்தது.

"இன்னா பண்ணுவான்? நான்தான் கிறுக்கினேன்னு பழியைத் தன் மேல போட்டுக்கினான். அதோ, உன் பக்கத்துலதான் குந்திக்கினு கீறான்."

கைதட்டல் கிளம்பியது. "சொல்லவே இல்லையேப்பா!" என்று அனுப்ரியா அவர் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் பெருமை. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் இன்றைக்கும் அவன் தலையிலேயே கட்டுவதா? ஜவஹருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்தார்.

"பொய். காட்டிக் குடுத்தவனே நான்தான். கேக்காம எடுத்தான்னு சொன்னதும் நான்தான். நானேதான் வரையச் சொல்லிக் கெஞ்சினேன்."

கைதட்டல் அடங்கியது. அனுப்ரியா கையை விட்டாள். முதஸ்ஸிர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இத எங்கப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கலாம் மச்சி," என்றார். "நீ கேட்டுதான் வரைஞ்சேன்னு எவ்ளோ சொல்லியும் சாகற வரைக்கும் அவர் என்னை நம்பல."