முகூர்த்தம் கழித்துப் போட்ட கையெழுத்து

அன்று வக்கீல் ஆபீஸ் அறையில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் அண்ணன், அவனுக்காகக் காசு வாங்காமல் வழக்கை எடுத்துக்கொண்ட அமெரிக்க வக்கீலம்மா. இல்லாதவர், அண்ணனை அடித்த நாட்டில் அவனுக்காக வாதாடிய வக்கீல். அவர் இருந்திருந்தால் ஒரு தேதியைச் சரியாகச் சொல்லியிருப்பார்.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவன். தென்னமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் அவன் கப்பலில் போதைப்பொருள் சிக்கியது. யாருடையது என்று கேட்டு ஒன்பது நாள் போலீஸ் அவனைக் கட்டித் தொங்கவிட்டது. குற்றமில்லை என்று விட்ட பிறகும் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. புகார் கொடுத்தான், மிரட்டினார்கள். வடக்கே போகிறவர்களோடு சேர்ந்து டெக்சஸ் எல்லைக்கு வந்து, கடைசியில் பிளெய்ன்ஸ்பரோவில் என் அபார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தான்.

அந்த நாட்டு கோர்ட் புகாரை மூடிவிட்டது. மிச்சமிருந்தது, அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கெல்லாம் பொதுவாக வாஷிங்டனில் இருக்கும் மனித உரிமை ஆணையம் மட்டும்தான். கடைசித் தீர்ப்பு கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தீர்ப்பு எப்போது வந்தது என்று வக்கீலம்மா கேட்டார். அந்த நாட்டு வக்கீல் தீர்ப்பை எனக்கு அனுப்பிய ஈமெயிலைத் திறந்து, அது வந்த தேதியைச் சொன்னேன்.

அண்ணன் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓரிடத்தில் நான் தயங்கியதைக் கண்டுகொண்டான்.

"நாகரிகமாச் சொல்லாதலே. நான் சொன்ன மாதிரியே சொல்லு."

மனு பதினான்கு பக்கம் வந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம்தான் தங்கச்சிக்கு சான் ஹோசே மாப்பிள்ளை முடிவானது. தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் அழுதாள். "கல்யாணம் முடியட்டும்யா. ஜெயில்ல கெடந்தவன் தங்கச்சின்னு ஒரு வார்த்தை விழுந்தா நின்னு போகும்."

மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே இருந்தார். அண்ணன் லீவில் வந்திருப்பதாகச் சொல்லிவைத்திருந்தோம். "முடியவே முடியாத லீவா இருக்கே. அந்தக் கம்பெனில எனக்கும் ஒரு வேலை பாருப்பா" என்று வாக்கிங் போகும்போதெல்லாம் சிரிப்பார்.

அண்ணன் என்னைத்தான் பார்த்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன். "நீ படிச்சவன், எண்ணிச் சொல்லு" என்றான். ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம். அதற்கு மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாலும் எட்டு நாள் மிஞ்சும். இப்போதே போட்டுவிடலாமே என்று வக்கீலம்மா இரண்டு முறை கேட்டார். நாள் இருக்கிறது என்று அவருக்கு நான்தான் தைரியம் சொன்னேன்.

ஊரில் நடந்த கல்யாணத்துக்கு நாங்கள் இருவருமே போக முடியவில்லை. போனை ரைஸ் குக்கரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். தாலி கட்டும்போது அண்ணன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் போன்மேல் போட்டான். மூன்றாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டான். அன்றே மனு போனது.

வெகு காலம் கழித்துப் பதில் வந்தது. அங்கிருந்த வக்கீல் கைக்குத் தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம். அவர் அதை முப்பது நாள் வைத்திருந்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார். தீர்ப்பின் முதல் பக்கத்தில் கோர்ட் முத்திரையும் அவரிடம் கொடுத்த தேதியும் தெளிவாகவே இருந்தன. எனக்கு அந்த மொழி தெரியாது, எண் தெரியும். பார்க்கவில்லை. மனு தள்ளுபடி.

"உள்ள எழுதினதைப் படிச்சாங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

வக்கீலம்மாவிடம் கேட்டேன். தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்ன மாதிரியே தமிழில் அவனிடம் சொன்னேன்.

"அப்போ படிக்கல" என்றான். இனி யாரிடமும் அதைச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னான். இதுவரை சொல்லவில்லை. தங்கச்சி சான் ஹோசேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அவள் கல்யாணத்துக்காகக் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று பார்க்கிங்கில் காரில் ஏறிய பிறகு, எத்தனை நாள் பிந்திவிட்டோம் என்று கேட்டான். இந்த முறை இரண்டு தரம் எண்ணிவிட்டுச் சொன்னேன்.

இருபத்திரண்டு நாள்.