இழுக்காமல் எரியும் சுருட்டு

காலை ஆறு ஐம்பது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு சுற்றுலா பஸ் நின்றிருந்தது. அதன் ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகளும் ஒரு சிவப்புப் புடவையும் உலர்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அக்கா இறங்கிவிட்டாள்.

"சுருட்டு இருக்குங்களா?"

நெற்றியில் திருமண்ணோடு பால் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெருமாளைச் சேவிக்க வந்த எடத்துல கேக்கற வஸ்துவாம்மா இது?"

"இது வேற சாமிக்குங்க."

"அப்ப அந்தச் சாமி இருக்கற எடத்துல போய்க் கேளுங்கோ."

அந்தச் சாமி இருப்பது திருவெள்ளறை தாண்டி, எங்கள் சித்தப்பாவின் வயலோரத்தில். கருப்பு. கல்யாணமோ நிலமோ, எங்கள் குடும்பத்தில் எதை முடிவு செய்வதென்றாலும் கருப்பிடம் உத்தரவு கேட்பார்கள். மூன்று சுருட்டுகளைச் சூடத்தில் பற்றவைத்துக் கல்லின் முன்னால் வைப்பார்கள். சாமிக்கு வைப்பதில் எச்சில் படக் கூடாது என்பதால் யாரும் வாயில் வைத்து இழுக்க மாட்டார்கள். மூன்றும் தானாகவே எரிந்து சாம்பலானால் உத்தரவு கிடைத்தது என்று பொருள். ஒன்று நடுவில் அணைந்தாலும் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று உச்சிப்பொழுதில் கேட்க இருந்தது அக்காவின் கல்யாணத்தைப் பற்றி. அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. அவள் கட்டிக்கொள்ள நினைத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். மனைவியை இழந்தவர், கத்தோலிக்கர். அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பாதான் பெரியவர். அவர் சத்தம் போடவில்லை. "கருப்பு உத்தரவு குடுத்தா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். பல வருடங்களுக்கு முன்பு அக்காவுக்கு அமைந்த ஒரு வரன் இரண்டாவது சுருட்டோடு நின்றுபோனது. அன்று சுருட்டு வாங்கி வந்தது சித்தப்பா. இந்தத் தடவை நானே வாங்குகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமையே உறையூரில் ஒரு கட்டு வாங்கினாள். காய்ந்து உதிர்ந்துவிடக் கூடாது என்று அதைப் பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஞாயிறு விடிந்ததும் சந்தேகம் வந்து, ஒன்றை எடுத்துச் சமையலறை மேடையில் பற்றவைத்துப் பார்த்தாள். நுனி கறுத்தது, கொஞ்சம் புகைந்தது, அணைந்தது. அடுத்ததும் அப்படியே, ஃப்ரிட்ஜின் ஈரம் ஏறியிருந்தது. வீடு முழுக்க மல்லிகை வாசனை. அவள் வாங்கிய கடைக்கு ஞாயிறு விடுமுறை.

சித்திரை வீதிகளில் வெளியூர்க்காரர்களுக்கென்றே திறந்திருந்த கடைகளில் பித்தளை விளக்கு இருந்தது, கொண்டப்பள்ளிப் பொம்மை இருந்தது, ராஜகோபுரம் அச்சடித்த சாவி வளையம் இருந்தது. சுருட்டு இல்லை. பாலம் தாண்டி மலைக்கோட்டைக்குப் போனோம். சின்னக்கடை வீதி அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் கேட்டாள். கடைக்காரர்கள் அவளுக்குப் பதில் சொல்லாமல் எனக்குப் பதில் சொன்னார்கள்.

மலைக்கோட்டை வாசலுக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு கைவினைப் பொருள் கடையில் சுருட்டு கிடைத்தது. மரப்பெட்டி, தங்க நிறப் பட்டை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில்.

"ஃபாரினர்ஸ் இதத்தாங்க தேடி வந்து வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். "அங்கெல்லாம் திருச்சி சுருட்டுன்னா ஒரு மரியாத."

"தானா எரியுமா?"

"தானா எப்படிங்க எரியும்? இழுக்கணும்ல."

அக்கா ஒரு பெட்டி வாங்கினாள். தெப்பக்குளத்து ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். கைப்பையிலிருந்து சூடத்தை எடுத்துக் கட்டைச் சுவரில் வைத்து ஏற்றி, சுருட்டின் நுனியைக் காட்டினாள். பற்றியது. பக்கத்தில் படுக்கவைத்தாள். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பூக்காரம்மா ஒருத்தி கூடையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"ஏம்மா, குடிக்கிறதுன்னா குடிச்சிட்டுப் போயேன். அத ஏன் பொணத்தப் பாக்கற மாதிரி பாத்துட்டு நிக்கிற?"

சுருட்டு அணைந்தது. தடவிப் பார்த்தால் உள்ளே ஈரப்பதம். மரக்கட்டை போல இறுக்கமாகச் சுற்றியிருந்தார்கள். நல்ல சுருட்டு என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவதை ஏற்றியபோது போக்குவரத்துப் பெண் போலீஸ் ஒருவர் வந்தார்.

"மேடம், பப்ளிக்ல புகைக்கக் கூடாது."

"நான் புகைக்கலைங்க."

"அப்ப இது என்ன?"

"எரியுதான்னு பாக்குறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்குள் அதுவும் அணைந்துவிட்டிருந்தது. "சரி, அணைஞ்சிடுச்சுல்ல, கெளம்புங்க" என்றார்.

அக்காவின் ஃபோனில் செய்தி வந்தது. பொன்மலையிலிருந்து. சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்துட்டேன், என்ன ஆச்சு? அக்கா ஒரு கையால் பதில் தட்டினாள். இன்னும் சுருட்டே கிடைக்கல.

பெரியகடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பகலிலும் குழல்விளக்கு எரியும் புகையிலைக் கடை ஒன்று திறந்திருந்தது. கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க, சாருக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் அக்கா.

இட்லி பாதி வழியில் நின்றது. பிறகு கையைக் கழுவிவிட்டு மூன்று வகைக் கட்டுகளை எடுத்துப் போட்டார். அக்கா ஒவ்வொரு சுருட்டையும் காதருகே வைத்து, இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். காலையிலிருந்து நான்கு சுருட்டு அணைந்ததைப் பார்த்தவள். அமுக்கினால் உள்ளே போகாத எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை.

"இதவிட தளர்வா சுத்துனது இருக்கா?"

"தளர்வாவா? அது நல்லாருக்காதுங்க. சுள்ளுனு இருக்கும், சீக்கிரம் எரிஞ்சு போயிரும்."

"அதத்தான் குடுங்க."

"எங்க கடைல வாங்குனதுன்னு வெளிய சொல்லிடாதீங்க." அலமாரியின் மேல் தட்டிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு கட்டை இறக்கினார். வெகுநாள் அங்கேயே கிடந்து காய்ந்திருந்தது. மேல் இலையில் வெடிப்பு. அக்கா கடை வாசலிலேயே ஒன்றை ஏற்றி, படிக்கல்லில் வைத்தாள். அது ஊதுவத்தி மாதிரி, சின்னச் சத்தத்தோடு, நிற்காமல் எரிந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு பிரயோஜனமா இதுக்கு" என்றார்.

மண்ணச்சநல்லூர் தாண்டும்போது கேட்டேன்.

"இது சாமிய ஏமாத்துறது இல்லையாக்கா?"

"போன தடவ வாங்கிட்டு வந்த சுருட்ட நீ அமுக்கிப் பாத்தியாடா?"

"இல்ல."

"நானும் பாக்கல. வண்டிய ஓட்டு."

கட்டு அவள் மடியில், வெயில் படும்படி இருந்தது. லாரி கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அதன் மேல் கையை வைத்து மூடினாள்.

வயலோரத்துப் புங்கமரத்தடியில் சித்தப்பாவும் சித்தியும் பங்காளிகள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இலை போட்டு, பொங்கல் வைத்து, எல்லாம் தயார். சித்தப்பா கட்டைக் கையில் வாங்கினார். ஒரு சுருட்டை இரண்டு விரலால் அமுக்கினார். அவர் வருடக்கணக்காகச் சுருட்டு குடிப்பவர். அக்காவை ஒருமுறை பார்த்தார். மூன்றை உருவி, சூடத்தில் காட்டி, கல்லின் முன்னால் வரிசையாக வைத்தார்.

முதல் சுருட்டு சாம்பலானது. அடுத்ததும் சாம்பலானது. மூன்றாவது கட்டைவிரல் அளவுக்கு வந்ததும் புகை நின்றுவிட்டது. அதில் ஒரு புகையிலைக் காம்பு குறுக்கே கிடந்தது எனக்குத் தெரிந்தது. சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா கல்லைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா முழங்காலில் கை ஊன்றி எழுந்து, குனிந்து பார்த்தார்.

"காத்துல அணைஞ்சிருக்கு."

"காத்தா?" என்றார் பங்காளிகளில் ஒருவர்.

"காத்துதான். சூடத்த எடு" என்று சித்தியிடம் கை நீட்டினார். காற்றுக்கு மறைப்பாக, முதுகை வயல் பக்கம் காட்டி உட்கார்ந்து, அந்தத் துண்டை மறுபடி பற்றவைத்தார். அது முழுதும் எரியும்வரை அங்கேயே இருந்தார். பிறகு சாம்பலை விரலால் தொட்டு அக்காவின் நெற்றியில் வைத்தார்.

"உத்தரவு ஆயிடுச்சு. சாப்புட எலையப் போடுங்க."

அன்று அந்தப் புங்கமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.