எலுமிச்சம்பழம் நசுக்காத டிராக்டர்

என் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த 'ல' போடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். எங்கள் தெருவில் முதலில் சொந்தமாக டிராக்டரும் டிரெய்லரும் வாங்கியவன் நான். பழைய வண்டிதான், எங்களுக்குப் புதுசு. வண்டி வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் எடுப்பது வழக்கம். என் மனைவி எல்லாச் சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அம்மா வந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"என்னங்கத்தே இது, நல்ல நேரத்துல?"

"இந்த வூட்டுல சக்கரத்துல நசுங்குனது போதும்டி."

பழம் நசுக்காமலேயே வண்டி கிளம்பியது.

அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. சென்னையில் ஆட்சி மாறி, வாய்க்கால் முனையிலெல்லாம் புதுக் கொடிக்கம்பம் நட்டிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அறுவடைக்குப் போகவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை டிரெய்லரில் ஏற்றி வந்தார். எங்கள் ஆட்கள் முன்னும் பின்னும் படுத்து மறித்தார்கள். வண்டி பின்னால் நகர்ந்தது. பின்பக்கம் படுத்திருந்தவர் அப்பா. டிரைவர் பார்க்கவில்லை என்று ஒரு பேச்சு, பார்த்துத்தான் எடுத்தான் என்று ஒரு பேச்சு. கேஸ் விபத்து என்று முடிந்துபோனது.

அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் அவர் படுத்திருப்பதாகவே தோன்றும். இறங்கிக் குனிந்து பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். நான் திரும்ப ஏறி உட்காருவதற்குள் வந்து படுத்துவிட்டாரோ என்று மறுபடி பயம் வரும். மறுபடி இறங்குவேன்.

சொந்த நெல்லை ஏற்றக் கையிலிருந்த லைசென்ஸ் போதும். வாடகைக்கு அடுத்தவர் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேறு லைசென்ஸ் வேண்டும். எட்டாவது படித்தவனுக்குத்தான் அது என்று விதி இருந்ததால் ஆசையை விட்டிருந்தேன். பிறகு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இந்த அறுவடைக்குள் லைசென்ஸ் வராவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று மனைவியும் நானும் பேசி வைத்தோம்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டில் முன்னால் ஓட்டியதெல்லாம் சரியாக இருந்தது. குச்சிகளுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னால் விடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பாதியில் நிறுத்தி இறங்கிவிட்டேன்.

"என்னய்யா, எதையாவது கீழ போட்டுட்டியா?"

"இல்லீங்கய்யா."

"அப்புறம் எதைத் தேடுற?"

வரிசையில் நின்ற லாரிக்காரர்களில் ஒருவர், "வண்டி முட்டை வச்சிருக்கான்னு பாக்குறாரு சார்" என்றார். மைதானமே சிரித்தது.

"பாதியில எறங்குனா ஃபெயில்தான். அடுத்த தடவை பின்னாடி நின்னு சைகை காட்ட ஒரு ஆளைக் கூட்டியா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அன்னைக்கே பழத்தை நசுக்கியிருந்தா இந்தச் சிரிப்பு வருமா?" என்றாள் மனைவி. அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த டெஸ்ட் அன்று மனைவி சைகை காட்ட வருவதாகப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் அம்மா டிரெய்லரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியை அவள் தொட்டதில்லை.

"நீங்க எதுக்குங்கத்தே? வெயிலு."

"எங்க நிக்கணும்னு ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

மைதானத்தில் ஒருவர், "இன்னைக்கு அம்மாவையே கூட்டியாந்துட்டாருடா!" என்றார்.

"ஆமாடா, ஒங்கம்மா வரலியா?" என்றாள் அம்மா. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னால் எடுக்கச் சொன்னதும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டிரெய்லருக்குப் பின்னால் தரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். குனிந்து கையை நீட்டினாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு, நடக்க முடியாதவரைப் பிடித்துக் கூட்டிப்போவது போல மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்து, என்னைப் பார்த்து, "வா, வா" என்று கையசைத்தாள்.

இறங்கு இறங்கு என்று கால் துடித்தது. இறங்கவில்லை. டிரெய்லர் குச்சிகளுக்கு நடுவே நேராகப் போய் நின்றது.

வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது கேட்டேன்.

"தரையில யாருகிட்டம்மா பேசின?"

"ஒங்கப்பாகிட்டதான். நம்ம புள்ள வண்டிதான் வருது, எந்திரிங்கன்னேன்."

"எந்திரிச்சாரா?"

"மொதல்ல எந்திரிக்கல. நான் சொல்லி அவரு என்னைக்கு மொதத் தடவையே கேட்டாரு?" என்றாள். டீயை ஆற்றிக் குடித்தாள்.

அந்த அறுவடையில் ஊர் மூட்டைகளையெல்லாம் நான்தான் ஏற்றினேன். வண்டியை விற்கவில்லை. இப்போது அம்மாவும் இல்லை. நான் இறங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கண்ணாடியில் பார்ப்பதோடு சரி. தரை காலியாகத்தான் தெரிகிறது. இருந்தாலும், ஓரமாக இரண்டு பேர் ஒதுங்கி நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் பின்னால் எடுக்கிறேன்.

எழுதி முடித்தது மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.